பாய்மரப் படகுக்கு எத்தனை ஆர்.பி.எம்.?

ஒரு கணவனும் மனைவியும் எதற்கெல்லாம் சண்டை போடலாம்?

மாமியார், மச்சினன், சீரியல், ரிமோட்... எல்லாம் பார்த்தாயிற்று. எஞ்சினை எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட்ட வேண்டும் என்று ஒரு தம்பதி சண்டை போட்டதை இந்தப் பொங்கல் லீவில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

இடம் – புதுவாயல் ஜங்ஷனில் ஒரு டீக்கடை. நெடுஞ்சாலையில் போகிற லாரிகளின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது அவர்கள் குரல். சண்டைக்காரர்கள் – சலீம், அவன் மனைவி நூர்ஜஹான். நடுவில் டீ கிளாஸோடு மாட்டிக்கொண்டவன் – அடியேன்.

சலீம் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். பழவேற்காட்டில் இறால், நண்டு வியாபாரம் செய்கிற குடும்பம். இவனுக்கு மட்டும் வியாபாரத்தில் மனசு ஒட்டவில்லை. வளைகுடாப் பக்கம் போய் ஒரு படகுப் பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்தான். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டி.வி., சென்ட் பாட்டில், கம்பளி என்று கொண்டுவருவார்கள். இவன் பெட்டி நிறையப் படகுக்குப் பாய் தைக்கிற துணி கொண்டுவந்தான்.

எண்ணூர் பக்கம் சும்மா கிடந்த ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினான். அடிப்பக்கம் தட்டையான படகு. ஏரியிலும் ஓடும், கடலிலும் போகலாம். மரம் நட்டு, பாய் கட்டி, உள்ளே சின்னதாக ஒரு டீசல் எஞ்சினையும் உட்காரவைத்தான். சீசனில் பறவை பார்க்க வருகிறவர்களை ஏரியில் சுற்றிக் காட்டுவது திட்டம். அதற்காகவே அண்ணனோடு சேர்ந்து செய்த வியாபாரத்தை விட்டுவிட்டான். படகு ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலைமை.

ஊர் சும்மா இருக்குமா? "பாய் ஊட்டுப் படகுல பாய் இருக்குது, சரி. எஞ்சின் எதுக்குப்பா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

எஞ்சின் எதற்கு? காற்று நம் மாமனா, மச்சானா... கூப்பிட்டபோதெல்லாம் வருவதற்கு?

சண்டைக்கு வருவோம். சலீம் எஞ்சினைக் கிளப்பினால் கைப்பிடியைக் கடைசி வரைக்கும் தள்ளிவிடுவான். ஃபுல் த்ராட்டில். நூர்ஜஹானுக்கு அது பிடிக்காது. முடிந்தவரை மெதுவாக, ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஓட்டினால் டீசல் மிச்சம் என்பது அவள் கட்சி.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. இவரு ஓட்றது படகா, ஆம்புலன்ஸா? வெளிய வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு எஞ்சின் சத்தம்தான் கேக்குது, கொக்கு சத்தம் கேக்கல."

"மச்சான், எஞ்சின்னா அது உழைக்கணும்டா. கம்பெனிக்காரன் அவ்ளோ ஸ்பீடு குட்துக்கிறான், நாம அதுல பாதி வெச்சிக்கினு மீதியை இன்னா பண்றது? பேங்க்ல போடறதா?"

தீர்ப்பு சொல்ல என்னை ஏன் கூப்பிட்டார்கள்? நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவன் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கரண்ட் கட் ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வாழ்க்கையே டீசல் ஜெனரேட்டரோடுதான். கரண்ட் கட்டைப் பற்றி இங்கே நான் புலம்பியதையும் பொறுமையாகப் படித்திருக்கிறீர்கள். ஆகவே சலீமுக்கு நான் எஞ்சின் டாக்டர்.

டாக்டருக்கு உள்ளூர ஒரு தயக்கம். ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் ஓடுகிற ஜீவன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பேச்சே அதில் கிடையாது. படகு அப்படியா? எவ்வளவு வேகம் என்று அங்கே நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு, "ரெண்டு பேர் சொல்றதையும் தண்ணியில வெச்சுப் பாத்துடலாம்" என்றேன்.

அடுத்த நாளே பார்த்தோம்.

ஏரியில் மீன்காரர்கள் நட்டு வைத்த கழிகள் நிறைய உண்டு. தூரமாக இருக்கிற இரண்டு கழிகளைக் குறிவைத்துக்கொண்டோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டும், திரும்பி வர வேண்டும். போகும்போது காற்று உதவினால் வரும்போது தடுக்கும் – கணக்கு சரியாகிவிடும். எஞ்சினுக்குப் போகிற டீசல் குழாயையும், அதிலிருந்து திரும்பி வருகிற குழாயையும் டேங்கிலிருந்து எடுத்து, ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலில் விட்டேன். எவ்வளவு குடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியுமே. நூர்ஜஹான் செல்போனில் நேரம் பார்த்தாள்.

முதலில் சலீம் முறை. டயலில் முள் இரண்டாயிரத்து அறுநூறைத் தொட்டது. படகு சீறிக்கொண்டு போனது போலத்தான் இருந்தது. ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தால் வேறு கதை. படகின் பின்பக்கம் தண்ணீரில் அமுங்கி, மூக்கு மேலே தூக்கியிருந்தது. முன்னால் ஒரு பெரிய அலை. அது கடல் அனுப்பிய அலை அல்ல, படகே கிளப்பியது. தானே ஒரு மேட்டைக் கட்டி, அந்த மேட்டில் தானே ஏற முயற்சி செய்துகொண்டிருந்தது. பாட்டிலில் டீசல், வெயில் காலத்தில் வந்த விருந்தாளி மோர் குடிக்கிற மாதிரி இறங்கியது.

இரண்டாவது, நூர்ஜஹான் முறை. ஐடிலுக்குச் சற்று மேலே. கொக்கு சத்தம் நன்றாகக் கேட்டது. பாட்டிலும் அசையவில்லை. படகும் கிட்டத்தட்ட அசையவில்லை. எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக வீசியதும், போகிறோமா நிற்கிறோமா என்று கழியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எஞ்சின் சூடேறவே இல்லை. புகைக்குழாயில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு.

இந்தப் பிசுக்கு எனக்குப் பழக்கம். எங்கள் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை மெஷின் எதுவும் ஓடாது. ஆபீஸில் நாலு லைட்டுக்காகப் பெரிய ஜெனரேட்டரைப் போட்டு வைப்பார்கள். வேலையே இல்லாமல் மணிக்கணக்காக ஓடினால் டீசல் சரியாக எரியாது, உள்ளே கரி படியும். மனிதர்கள் மட்டும்தான் சும்மா இருந்தால் கெட்டுப்போவார்கள் என்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது, நடுவில். முள்ளை ஆயிரத்துத் தொள்ளாயிரம் பக்கத்தில் நிறுத்தினோம். முன்னால் எழுந்த அலை அடங்கியது. படகு தண்ணீரில் நேராக உட்கார்ந்தது. கழிக்குக் கழி போய் வர, ஃபுல் த்ராட்டிலைவிடக் கொஞ்சம்தான் அதிக நேரம் பிடித்தது. டீசலோ பாதிகூட ஆகவில்லை.

சலீம் நம்பவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். அதே முடிவு. மூன்றாம் தடவை கேட்கத் தைரியமில்லாமல் எஞ்சினையே முறைத்துப் பார்த்தான்.

நூர்ஜஹான் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தாள். கைப்பிடி நின்றிருந்த இடத்துக்கு நேராகத் தகட்டில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். அவள் சொன்ன மெதுவான வேகமும்தான் தோற்றிருந்தது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"படகுக்கு மருதாணி வெச்சிட்டா" என்றான் சலீம்.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக் கதை. இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கவே மாட்டேன்.

அடுத்த வாரம் கடலுக்குப் போய் வரலாம் என்றான் சலீம். பாய் எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நானும் கிளம்பினேன். என் மனைவி வரவில்லை. அவளுக்கு மீஞ்சூர் ஸ்டேஷனில் நிற்கும்போதே எக்ஸ்பிரஸ் ரயில் கடந்தால் தலைசுற்றும்.

படகுத்துறையில் நூர்ஜஹான் கேட்டாள். "டேங்க் பாத்தீங்களா? பாதிகூட இல்ல."

"காத்து இருக்கச் சொல்ல டீசல் எதுக்கு நூரு? பாயை நம்பு."

எந்தப் பாயை என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாஷ்டா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டோம்.

காலைத் தரைக்காற்று நன்றாக வீசியது. முகத்துவாரம் வழியாக – அதாவது ஏரி கடலில் கலக்கிற வாய் வழியாக – வெளியே வந்ததும் எஞ்சினை அணைத்தான் சலீம். பாய் விம்மியது. சத்தம் என்பதே இல்லை. நீரோட்டமும் தெற்கு நோக்கி இழுத்தது. மீஞ்சூர் பக்கத்துப் பவர் ஹவுஸ் புகைபோக்கிகள் மெல்ல எங்கள் வலது கைப்பக்கம் வந்து, பின்னால் போயின. இட்லி சாப்பிட்டோம். சலீமின் முகத்தில் நான் அப்படி ஒரு நிம்மதியை அவன் நிக்காஹில்கூடப் பார்த்ததில்லை.

வெயில் ஏறியது. தரைக்காற்று ஓய்ந்தது. கடல்காற்று இன்னும் எழும்பவில்லை. பாய் தொங்கிப்போனது. சரி, எஞ்சினைப் போட்டுத் திரும்பலாம் என்று சலீம் குனிந்தபோதுதான் நூர்ஜஹான் கை நீட்டினாள்.

"அங்க பாருங்க, யாரோ துணி ஆட்றாங்க."

ஒரு மீன்பிடிப் படகு. இரண்டு பேர். ஒருவர் நின்றுகொண்டு லுங்கியை ஆட்டினார். இன்னொருவர் உட்கார்ந்திருந்தார் – இல்லை, சாய்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் தெரிந்தது. படகுக்குள் ரத்தம்.

நின்றிருந்தவர் பெயர் தேசப்பன். சாய்ந்திருந்தவர் அவர் தம்பி மதி. தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுகிற காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டு எஞ்சின் நின்றுவிட்டது. தம்பி குனிந்து கத்தியால் வலையை அறுத்திருக்கிறார். படகு ஒரு ஆட்டம் ஆடியது. கத்தி முன்கையில் ஆழமாக இறங்கிவிட்டது.

"தம்பி கை போச்சு பாய்" என்றார் தேசப்பன்.

சுனாமிக்குப் பிறகு ஊருக்கு ஊர் முதலுதவி வகுப்பு நடத்தினார்கள் இல்லையா? நூர்ஜஹான் அதில் உட்கார்ந்தவள். துப்பட்டாவை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திக் கட்டினாள். மதியை எங்கள் படகுக்கு மாற்றினோம். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டா ஒரு மூலையில் நனைந்தது. பிறகு இன்னொரு மூலையிலும்.

தேசப்பனின் படகை என்ன செய்வது? கட்டி இழுத்தால் எங்கள் வேகம் போய்விடும். நாங்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். தாவி எங்கள் படகில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் படகுதான் அவர்கள் குடும்பத்துக்கே சோறு என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன?

சலீம் எஞ்சினைக் கிளப்பினான். கை தானாகவே கைப்பிடியைக் கடைசி வரை தள்ளியது. படகு மூக்கைத் தூக்கியது.

நான் டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். குச்சியில் கால்வாசிகூட நனையவில்லை.

"சலீம், இப்டிப் போனா பவர் ஹவுஸைத் தாண்டி கொஞ்ச தூரம்தான். அப்பறம் நின்னுடும்."

"மச்சான், ரத்தம் போய்க்கினு இருக்குதுடா."

"தெரியுது. காத்து இல்ல. நீரோட்டம் வேற எதிர்ல. நடுவுல நின்னா, வந்த வழியே தெற்க இழுத்துக்கினு போயிடும்."

"கடல்காத்து வந்துடும்டா."

"எப்ப வரும்?"

அவன் தொங்கிக் கிடந்த பாயைப் பார்த்தான். மதியின் முகத்தைப் பார்த்தான். டயலைப் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் இழுத்தான். கைப்பிடி சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. எஞ்சின் சத்தம் தணிந்தது. அதைவிடக் கஷ்டமான ஒரு காரியத்தை அவன் செய்து நான் பார்த்ததில்லை.

சத்தம் தணிந்ததும் தேசப்பன் நிமிர்ந்தார்.

"ஏன் பாய் கம்மி பண்ற?"

"எண்ணெய் கம்மியா இருக்குதுண்ணே. இந்த ஸ்பீடுதான் தாங்கும்."

அவர் கைப்பிடியைப் பார்த்தார். தள்ளுவதற்கு இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரிகிற விஷயம்.

"இவ்ளோ இடம் இருக்குது. தள்ளு பாய். எந்தம்பி செத்துக்கினு இருக்கான், நீ கல்யாண ஊர்வலமாட்டம் ஓட்டிக்கினு போற."

சொல்லிக்கொண்டே எழுந்து வந்து கைப்பிடி மேல் கை வைத்தார். உழைத்த கை. சலீம் தடுத்தால் இரண்டு பேரும் தண்ணீரில்தான் விழ வேண்டும். நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

நூர்ஜஹான் குரலை உயர்த்தவில்லை. மதியின் கையை விடவும் இல்லை.

"அண்ணே, முழுசா தள்ளுனா முகத்துவாரத்துக்கு முன்னாடியே எண்ணெய் தீந்துடும். அதை நாங்க தண்ணியில வெச்சுப் பாத்துட்டோம். தீந்துட்டா துடுப்புகூட இல்ல இதுல. உங்க தம்பியை நீங்களே வெச்சுக்கினு கடல்ல உக்காந்திருப்பீங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

தேசப்பன் கையை எடுக்கவில்லை. தள்ளவும் இல்லை. வடக்கே பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அவர் முகம் வேறு எதையோ யோசிக்க ஆரம்பித்திருந்தது.

"முகத்துவாரத்துல நாம போய்ச் சேர்றப்போ தண்ணி இறங்குற நேரம்" என்றார் மெதுவாக. "ஏரித் தண்ணி பூரா வெளிய தள்ளிக்கினு இருக்கும். இந்த ஸ்பீடு வெச்சு உள்ள நொழைய முடியாது. அங்க ஃபுல்லா வேணும்."

எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க போறப்போ எண்ணெய் இருக்குமா சார்?" என்று என்னைக் கேட்டார்.

"இப்டியே போனா இருக்கும்."

"கண்டிப்பா?"

கண்டிப்பாக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இருக்கணும்" என்றேன்.

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "அதுவரைக்கும் இப்டியே போ பாய்" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு போனதுதான் நீளமான தூரம். ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். அதிலேயே இருப்பது இருக்கிறதே... புகைபோக்கிகள் இருந்த இடத்திலேயே இருப்பது போலத் தெரிந்தன. சலீமின் வலது கை கைப்பிடிப் பக்கம் போகும், திரும்பும். கடைசியில் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். சிரிக்கிற மாதிரிதான் இருக்கும் எழுதும்போது. அப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மதி கண் மூடும்போதெல்லாம் நூர்ஜஹான் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"பூண்டியில. கான்ட்ராக்ட். ஞாயித்துக்கிழமை அண்ணனோட கடலுக்கு."

"இன்னா வேலை?"

"பிரஸ் மெஷின்." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "கையிலதான் வேலை."

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு இரண்டு கேட் தள்ளித்தான் அவர் கம்பெனி. ஒரே டீக்கடையில் நாங்கள் எத்தனை காலை நின்றிருப்போமோ. பிரஸ் மெஷினில் விரல் மடங்காத ஒரு ஆளை கான்ட்ராக்டர் எத்தனை நாள் வைத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். மதிக்கும் தெரியும். அதனால்தான் அவர் உயிரைப் பற்றிக் கேட்கவில்லை.

"விரல் அசையுதான்னு பாரும்மா" என்றார்.

"அதெல்லாம் அசையுது. நீங்க அசைக்காதீங்க" என்றாள் நூர்ஜஹான். அது எவ்வளவு தூரம் உண்மை என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

புகைபோக்கிகள் ஒருவழியாகப் பின்னால் போயின. செல்போனில் சிக்னல் வந்தது. சலீம் தன் அண்ணனுக்குப் போன் போட்டான். வியாபாரத்தை விட்டு வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை. "படகுத்துறைக்கு வேன் கொண்டாண்ணே. ஒர்த்தருக்குக் கையில வெட்டு" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. "வரேன்" என்று ஒரே வார்த்தை.

முகத்துவாரம் தெரிந்தது. தேசப்பன் சொன்னது போலத்தான். ஏரித்தண்ணீர் கலங்கலாக வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. கடல் அலை உள்ளே வரப் பார்க்க, இரண்டும் மோதி மணல்மேட்டின் மேல் நுரை தள்ளியது. காலையில் எங்களைச் செல்லமாக வெளியே அனுப்பிவைத்த அதே வாய்தான்.

"சுக்கானைக் கொடு பாய்" என்றார் தேசப்பன்.

சலீம் அந்தப் படகின் சுக்கானை என்னிடம்கூடத் தந்ததில்லை. எழுந்து இடம் விட்டான். தேசப்பன் மணல்மேட்டை விட்டு ஒதுங்கி, தண்ணீர் ஆழமாக ஓடுகிற தடத்தில் படகைத் திருப்பினார்.

"இப்ப தள்ளு."

சலீம் தள்ளினான். கடைசி வரைக்கும்.

எஞ்சின் கத்தியது. படகின் பின்பக்கம் அமுங்கியது. ஆனால் கரையில் இருந்த ஒரு புதர் எங்களுக்கு நேராகவே நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு சத்தம், அவ்வளவு புகை... நாங்கள் நகரவில்லை. இந்த இடத்திலும் சிவப்புக் கோட்டு வேகத்திலேயே நுழையப் பார்த்திருந்தால் தண்ணீர் எங்களைத் திருப்பிக் கடலில் துப்பியிருக்கும். முன்பே ஃபுல்லாக வந்திருந்தால்? அந்த இடத்தைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

எனக்குக் காது முழுக்க எஞ்சின் மேலேயே. டீசல் தீரப்போகும்போது எஞ்சின் ஒரு மாதிரி விக்கும். ஜெனரேட்டரில் அந்த விக்கலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இங்கே கேட்டுவிடக் கூடாது என்று எல்லா சாமியையும் கும்பிட்டேன். சலீமும் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். சாமிகளுக்குள் பிரச்சனை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

புதர் கொஞ்சம் பின்னால் போனது. இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு வழுக்கலாக, யாரோ கையை விட்டது போல, படகு ஏரிக்குள் நுழைந்தது.

படகுத்துறையில் வேன் நின்றது. சலீமின் அண்ணனும் இன்னும் நாலைந்து பேரும் ஓடிவந்து மதியைத் தூக்கினார்கள். நூர்ஜஹான் கையைப் பிடித்தபடியே வேனில் ஏறினாள், பின்னாலேயே தேசப்பனும் நாங்களும். பொன்னேரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பி, அறுந்த நரம்பைச் சேர்த்தார்கள்.

கை பிழைத்தது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் முழுசாக மடங்கவில்லை. மடங்கும் என்கிறார்கள். மதியின் சூப்பர்வைசர் எனக்குத் தெரிந்தவர். கை சரியாகும்வரை ஸ்டோர்ஸில் உட்காரவைக்கச் சொல்லிப் பேசியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். அந்தச் சரி எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

தேசப்பனின் படகு போட்ட இடத்திலேயே இருந்தது. மறுநாள் ஊர்க்காரர்கள் இழுத்து வந்தார்கள். அன்றைக்கே சலீம் எங்கள் டேங்கைத் திறந்து வடித்துப் பார்த்தான். வந்தது ஒரு டம்ளர் டீசல். அதை என்னிடம் காட்டினான். அவன் அண்ணனும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "அடுத்த வாட்டி டேங்க்கை ரொப்பிக்கினு போடா, பேஜாரு புடிச்சவனே" என்றார். இருவருக்கும் மறுபடி பேச்சு ஆரம்பித்தது அப்படித்தான்.

எஞ்சின் விஷயத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நமக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே நிலைதான். ஒன்று முழுசாக முறுக்குவது, இல்லாவிட்டால் அணைத்து வைப்பது. ஷேர் ஆட்டோக்காரர், எங்கள் புரொடக்ஷன் மேனேஜர், பப்ளிக் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிற அப்பா... எல்லோரும் அப்படித்தான். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அதை யாராவது பாட்டிலை வைத்து அளந்து பார்த்தால்தான் தெரியும். அளந்தாலும் போதாது. அவசரம் வருகிற அன்றைக்கு அதிலேயே நிற்க வேண்டும். அதற்குக் கையின் மேல் உட்கார வேண்டியிருந்தாலும் சரி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பொன்னேரியில் டியூட்டி டாக்டர் காயத்தைப் பிரித்துப் பார்த்ததும் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் இவ்வளவு லேட்டா கொண்டுவந்தீங்க? கொஞ்சம் வேகமா வந்திருக்கலாம் இல்ல?" என்றார்.

தேசப்பன்தான் பதில் சொன்னார். "வந்திருக்கலாம் சார். ஆனா வந்திருக்க மாட்டோம்."

டாக்டருக்குப் புரியவில்லை. லேட் என்று திட்டு வாங்குவதற்கும் முதலில் வந்து சேர வேண்டும் இல்லையா?